இளம் வீரர்களைக் கொடுத்துப் பிட்சரை வாங்கினால் கோப்பை கிடைக்காதா?

அமெரிக்க பேஸ்பால் பற்றி ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: "நம்பிக்கைக்குரிய இளம் வீரர்களைக் கொடுத்துத் தொடக்கப் பிட்சரை (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து வீசுபவர்) வாங்கிய எந்த அணியும் உலகத் தொடரை (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வென்றதில்லை. 1987-இல் ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து டெட்ராய்ட் வாங்கிய டாயில் அலெக்சாண்டர் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை."

இரண்டுமே தவறு. அந்தப் பருவத்தில் டெட்ராய்டுக்காக அலெக்சாண்டர் 9 வெற்றி, தோல்வியே இல்லை. அணி தன் பிரிவிலும் முதலிடம் பிடித்தது. அடுத்து மின்னசோட்டா அணிக்கு எதிரான பிளேஆஃப் (நாக்-அவுட்) தொடரில் அவர் வீசிய இரண்டு ஆட்டங்களும் தோல்வி. வதந்தி அங்கிருந்து முளைத்திருக்கலாம். ஸ்மோல்ட்ஸ் பிற்பாடு அட்லாண்டாவில் பெரிய பிட்சராகி 2015-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பேஸ்பால் சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியல்) போனார் என்பது உண்மைதான். நீண்ட கணக்கில் டெட்ராய்டுக்கு நஷ்டம், மறுக்கவில்லை.

கோப்பை விஷயத்துக்கு வருவோம். 2016 டிசம்பரில் யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உட்பட நால்வரைக் கொடுத்து கிறிஸ் சேலை வாங்கியது பாஸ்டன். 2018 உலகத் தொடரின் கடைசி பேட்டரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவரே (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றியவரே) சேல்தான்! 2017 ஆகஸ்ட் 31-இல் மூன்று இளைஞர்களைக் கொடுத்து ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கிய ஹூஸ்டனும் அதே ஆண்டு கோப்பையை வென்றது.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவர இணையதளத்தில் இவர்களின் பெயரைத் தேடினாலே எல்லாம் கிடைக்கும். இப்படி வாங்குவது புத்திசாலித்தனமா என்று தாராளமாகச் சண்டை போடலாம். இந்தத் தகவலை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.