1911 கைத்துப்பாக்கி: செலவழித்தால்தான் நம்பகமா?

"1911 மாதிரிக் கைத்துப்பாக்கி ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அடிக்கடி தோட்டா சிக்கி நின்றுவிடும், விலையுயர்ந்த பாகங்களைப் பொருத்தினால்தான் அதை நம்பலாம்" என்று பரவும் கூற்று தவறானது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த இத்துப்பாக்கி, 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் நடத்திய சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சுட்டும் ஒருமுறைகூடச் சிக்காமல் தேர்வாகி, 1985இல் பெரெட்டா எம்9 என்ற வேறு கைத்துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்படும் வரை படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக நீடித்தது. உண்மையில், துல்லியத்துக்காக ஸ்லைடையும் (சுடும்போது முன்பின் நகரும் மேற்பாகம்) அதைத் தாங்கும் சட்டகத்தையும் மிக இறுக்கமாகப் பொருத்தும்போது, தூசிக்கும் கரிக்கும் இடைவெளியின்றிப் புதிய சிக்கல் தொடங்குவதுண்டு. உருண்டை முனைத் தோட்டாவுக்கென அமைந்த பழைய மாதிரியில் முனையில் குழியுள்ள தோட்டாவை இடுவது சிக்கலுக்கு இன்னொரு காரணம். பழுதான மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மாற்றினாலே பல கோளாறுகள் தீர்ந்துவிடும். துப்பாக்கியின் விலையையே விஞ்சும்படி பாகங்களுக்குச் செய்யும் செலவு பெரும்பாலும் துல்லியத்துக்கும் (ஓரளவு பெருமைக்கும்) ஆனதே.