பாட்டும் தத்துவமும் சொல்லித் தருகிறார்கள், ஒப்பந்தம் படிக்க யார் சொல்லித் தருவது?

2017இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தபோது தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது பலருக்கும் நினைவிருக்கும். நட்பு பெரிதா, பணம் பெரிதா என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தோம். மெட்டு யாருக்குச் சொந்தம், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், மேடையில் பாட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. முறையாக இசை படித்தவர்களும் அந்தச் சண்டையில் இருந்தார்கள். அவர்களுக்கும் இது தெரிந்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

ஒரு பாட்டில் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை. சம்பளம் கொடுத்துப் படத்துக்காகப் போடவைத்த இசை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அன்றைக்கு வாங்கிய தொகையோடு கணக்கு முடிந்தது. 2012இல்தான் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசினார். தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. இது தெரியாமல் இன்றைக்கும் பையன்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

என் சித்தி மகன் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவன். ஒரு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவன் பார்த்து வைத்திருந்தது தொகையையும் பணம் வரும் தேதியையும் மட்டும். நான்காம் பக்கத்தில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்று ஒரு வரி. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே அவனுக்குச் சாதகமாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டத்தான் அந்த வரி. கேட்டோம். நிரந்தரத்தைப் பத்தாண்டாக்கினார்கள், மற்றதை மாற்ற மறுத்துவிட்டார்கள். சரி, கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லையே! மூன்று வருடம் கீபோர்டும் சவுண்ட் இன்ஜினியரிங்கும் படித்தவனுக்கு இப்படிக் கேட்கலாம் என்பதே புதுச் செய்தி.

அமெரிக்காவில் மியாமி பல்கலைக்கழகம் 1966இலேயே இசை வணிகத்தைப் பட்டப் பாடமாக்கியது. அதைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் ரீட் என்கிற இசையமைப்பாளர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாசிக்கிறவனுக்கே இந்தப் பாடம் வேண்டும் என்று வாசிக்கிறவர்களில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே இதே பாடத்தைத் தனி டிப்ளமோ ஆக்கி, நிகழ்ச்சி நடத்த ஆசைப்படுகிறவர்களிடம் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டுப் போடுகிறவன் அந்த வகுப்பில் இருப்பதே இல்லை.

இசைக்காரர்கள் அப்பாவிகள், படிப்பாளிகள் உஷாராக இருப்பார்கள் என்று நினைத்தால், தத்துவத் துறை இன்னும் மோசம். ஆய்விதழில் கட்டுரை எழுதியவருக்குப் பணம் கிடையாது, அதைப் படித்துத் திருத்தம் சொல்லும் சக பேராசிரியருக்கும் கிடையாது. உரிமை பெரும்பாலும் பதிப்பாளரிடம் போய்விடும். அப்புறம் அதே பல்கலைக்கழக நூலகம் காசு கொடுத்து அதை வாங்கும். நீதி, சுரண்டல், ஒப்புதல் பற்றியெல்லாம் நுணுக்கமாக எழுதுகிறவர்கள் இதைப் பல வருடம் சகித்துக்கொண்டிருந்தார்கள்.

'ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ்' என்ற இதழ், பஞ்சத்தைப் பற்றி தத்துவவாதி பீட்டர் சிங்கர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1972இல் வந்த இடம். 2024இல் அதன் ஆசிரியர் குழு மொத்தமாக அதைப் பதிப்பித்த வைலி நிறுவனத்தை விட்டு வெளியேறியது. ஆனால் இதழின் பெயர் அவர்களுடன் வரவில்லை, அது நிறுவனத்தின் சொத்து. ஐம்பது வருட மதிப்பை அங்கேயே விட்டுவிட்டு, 'ஃப்ரீ அண்ட் ஈக்வல்' என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். எழுதுகிறவரும் கட்ட வேண்டாம், படிக்கிறவரும் கட்ட வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 'ஃபிலாசஃபர்ஸ் இம்ப்ரிண்ட்' இதழ் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வர ஆரம்பித்து அப்போதே இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வழி தெரிந்திருந்தும் பெரும்பாலானவர்கள் பழைய இதழ்களிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள், வேலையும் பதவி உயர்வும் அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் வருகிறது என்பதால்.

என் யோசனைக்குப் பெரிய செலவில்லை. இசைக் கல்லூரியாகட்டும், தத்துவ ஆய்வு மாணவராகட்டும், கடைசி செமஸ்டரில் கட்டாயமாக ஒரு தாள். புழக்கத்தில் உள்ள ஒப்பந்தம் ஒன்றைப் பெயர்களை மறைத்துக் கொடுங்கள். எதை அடிப்பான், எதைச் சேர்ப்பான், எதற்குக் கையெழுத்துப் போட மறுப்பான் என்று கேளுங்கள், அதுதான் பரீட்சை. பாடம் எடுக்க ஒரு வக்கீலும், ஏமாந்த சீனியர் ஒருவரும் போதும். இப்படி ஒரு தாள் ஏற்கெனவே உங்கள் கல்லூரியில் இருந்தால் பாடத்திட்டத்தைக் கமெண்டில் போடுங்கள், எனக்குத் தெரிந்த இரண்டு துறைத்தலைவர்களிடம் காட்ட வேண்டியிருக்கிறது.