கவசம் அடியைத் தடுக்க வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

ஆளுக்கொரு வீரராக நடித்துப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், கவசம் போட்டவன்மேல் அடி விழுவதே கஷ்டம் என்ற விதியை எடுத்துவிட்டு, விழுந்த அடியில் ஒரு பங்கைக் கவசம் கழிக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. எனக்கும் பிடித்த யோசனைதான், அதே வகை விளையாட்டான ரூன்குவெஸ்டில் 1978இலிருந்தே அப்படித்தான். ஆனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதை அப்படியே வைத்தால் வேறு இடத்தில் இடிக்கிறது. ஹட்டனில் ஞாயிறுதோறும் விளையாடும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சங்கிலிக் கவசத்துக்குக் கழிவு 3, அதாவது விழும் ஒவ்வொரு அடியின் சேதத்திலும் 3 குறையும் என்று வைத்தோம். ஐந்தாம் பதிப்பில் கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் வாளுக்குச் சராசரிச் சேதம் 5.5, அதில் 3 போனால் பாதிகூட மிஞ்சாது. ஓகர் என்ற பெரிய அரக்கனின் கதாயுதத்துக்கு 13, அது 10 ஆகிறது, அவ்வளவுதான். அதோடு தடுப்பு எண்ணும் (அடி விழ எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்) இறங்கிவிட்டதால் ஓகர் முன்னைவிட அடிக்கடி அடிக்கிறது! தகரக் கூரையில் மழை கொட்டிய ஒரு மாலையில் என் தங்கச்சியின் வீராங்கனையை ஆறு கோப்ளின்கள் சூழ்ந்து நின்றன, தேத்தண்ணித் தட்டில் பகடை உருள உருளப் பூச்சியம், பூச்சியம். அவள் முகத்தில் பயமே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

அப்புறம் பாதிப் பாதியாகப் பிரித்தோம். 16 என்றிருந்த தடுப்பு எண் 13, மிச்ச 3 கழிவு. பட்ட அடி எதுவானாலும் குறைந்தது 1 சேதம், அடிப்பவனின் இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் கழிவே கிடையாது. 2004இல் வந்த அன்எர்த்ட் ஆர்கானா என்ற அதே விளையாட்டின் மாற்று விதிப் புத்தகத்திலும் ஏறக்குறைய இந்தப் பிரிப்புதான். கேடயத்தை மட்டும் தொடாதீர்கள், அது அடியைத் தடுக்கத்தானே இருக்கிறது.