மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று யாரைச் சொல்கிறோம்?

பள்ளிகளில் தன்னம்பிக்கை உரை ஆற்ற வருபவர்கள் பலர் அந்த மார்ஷ்மெல்லோ கதையைச் சொல்லாமல் போவதில்லை. குழந்தைக்கு முன்னால் ஒரு இனிப்பு. பதினைந்து நிமிடம் தொடாமல் இருந்தால் இன்னொன்று கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் வளர்ந்த பிறகு நல்ல மதிப்பெண் எடுத்தார்கள், உடனே தின்றவர்கள் பின்தங்கினார்கள், ஆகவே மனதை அடக்கப் பழகுங்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு. தன் வீடு கஷ்டப்படுவதற்கு அப்பா அம்மாவுக்கு மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்று அந்தப் பிள்ளை புரிந்துகொண்டால் அதில் வியப்பில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. ஆராய்ச்சி சொல்வதும் அது அல்ல.

அமெரிக்க உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் அந்தச் சோதனையைத் தொடங்கியது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில். பிற்கால மதிப்பெண்ணோடு ஒப்பிட்டது அந்தப் பள்ளிக் குழந்தைகளில் தேடிப் பிடிக்க முடிந்த சிலரை மட்டும். 2018இல் டைலர் வாட்ஸும் அவருடைய சகாக்களும் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். கல்லூரிப் படிப்பை முடிக்காத தாய்மார்களின் பிள்ளைகள்தான் அவர்கள் முக்கியமாகக் கவனித்த கூட்டம். காத்திருப்புக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு பழைய ஆய்வில் இருந்ததில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

அதற்கு முன்பே அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்தது இன்னும் முக்கியம் என்பேன். இனிப்பைக் காட்டுவதற்கு முன் குழந்தைகளிடம், "இரு, இதைவிட நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லை என்று சொன்னார்கள். அப்புறம்தான் இனிப்பு. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். மொத்தம் 28 குழந்தைகள்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது பாருங்கள். சொன்னது நடக்காது என்று அனுபவத்தில் தெரிந்த குழந்தை கையில் இருப்பதை உடனே தின்பது பலவீனம் இல்லை, சரியான கணக்கு.

அடுத்தது நம் ஊர்ச் செய்தி. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் செய்தது. கரும்புக்காரருக்குப் பணம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, வெட்டுக்குப் பிறகுதான். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டு முடிந்த பிறகு 4 சதவீதம்.

ஒரே விவசாயியை இரண்டு காலத்திலும் சோதித்தார்கள். ஒரு சோதனையில் '5 5 5' என்று காட்டுவார்கள். எத்தனை எண் இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும், அதாவது மூன்று. வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும், அதை அடக்க வேண்டும். உளவியலில் எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன், அதாவது யோசனையையும் செயலையும் நாமே நெறிப்படுத்தும் திறன், என்று சொல்வதில் முக்கியமான பகுதி இந்த அடக்கம்தான். பணம் வருவதற்கு முன் அதே மனிதர் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார், கூடுதல் தவறும் செய்தார். வடிவங்களை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையிலும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு வருவதில்லை, மாதக்கணக்கில் முன்பின் ஆகும். அதனால் பருவத்தின் மேல் பழி போட முடியவில்லை. அதே ஆள், அதே மூளை. வட்டியும் அடகு நகையும் மனதில் ஓடிக்கொண்டே இருந்ததுதான் வித்தியாசம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதை மறுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் குறைந்த வருமானம் உள்ளவர்களைச் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது; அதில் வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அடிக்கடி வரும் சம்பளத்தையும் வருடம் முழுக்கக் காத்திருந்து வாங்கும் கரும்புக் காசையும் ஒன்றாக வைக்க என்னால் முடியவில்லை.

வசதியாக இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் ஆசையோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறார்கள் என்பதும் பொய்தான். வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு ஜெர்மனியில் 205 பேரின் அன்றாட ஆசைகளை ஒரு வாரம் கைக்கருவியில் பதிவு செய்தது. மனக்கட்டுப்பாடு அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு அப்படிப்பட்ட போராட்டமே குறைவாகத்தான் வந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, ஒழுங்கான வேலை நேரம், படிக்கத் தனி அறை இதெல்லாம் இருந்தால் அடக்க வேண்டிய சந்தர்ப்பமே குறையும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனவே பள்ளிக்கூடத்தில் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேச ஆசைப்படுபவர்கள் முதலில் பெரியவர்கள் வாக்கைக் காப்பாற்றுவது பற்றிப் பேசட்டும். உதவித்தொகை தருவதாகச் சொன்னால் சொன்ன மாதத்தில் தரட்டும். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஆலைக்குக் கரும்பு போன 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டியோடு. அந்த வட்டி கைக்கு வந்த விவசாயி யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள்.