எட்டு டிராக் மெஷினும் ஒரு பவுன்ஸும்

பவுன்ஸ் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகள் சிலர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கையில் எட்டு டிராக் ரெக்கார்டர், அதாவது எட்டு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதிந்து ஒன்றாக ஒலிக்கவிடுகிற பெட்டி. டிரம்ஸுக்கு இரண்டு டிராக், பேஸுக்கு ஒன்று, கிட்டாருக்கு இரண்டு, கீபோர்டுக்கு ஒன்று. ஆறு போய்விட்டது, மிச்சம் இரண்டு. பாட்டு இன்னும் பாடவே இல்லை. கோரஸுக்கு மட்டும் நாலு குரல் வேண்டும். என்ன செய்வது? அந்த ஆறையும் கலந்து 7, 8 இரண்டிலும் ஸ்டீரியோவாக இறக்கிவிட்டு, பழைய ஆறையும் காலி செய்துகொள்ள வேண்டும். இதுதான் பவுன்ஸ். கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! செய்து பாருங்கள், பாட வேண்டும் என்ற ஆசையே விட்டுப்போகும்.

முதல் சனியன் அந்த மெனு. இரண்டு வரி மட்டும் தெரிகிற ஒரு திரை. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இன்னொரு பட்டனை அழுத்தினால்தான் பவுன்ஸ் பக்கமே வரும். அங்கே போய்ச் சேரும் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, திரும்பி வந்து, கலக்க வேண்டிய டிராக்குகளுக்கு ப்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மொத்தக் கலவையின் அளவைக் கூட்டிக் குறைக்கிற மாஸ்டர் ஃபேடரை ஏற்றி, ஆரம்பத்துக்குப் போய், ரெக்கார்டையும் ப்ளேயையும் சேர்த்து அழுத்த வேண்டும். நடுவில் தவறிப்போய் எக்ஸிட்டைத் தொட்டால் தேர்ந்தெடுத்தது எல்லாம் அழிந்து முதலிலிருந்து. பாட்டை உருவாக்குகிற வேகத்தில் இருப்பவனை உட்காரவைத்து விண்ணப்பப் படிவம் நிரப்பச் சொல்கிற புத்தி யாருக்கு வந்ததோ.

சரி, அதையும் தாண்டி ரெக்கார்ட் போட்டாயிற்று. இப்போது காத்திருக்க வேண்டும். பாட்டு நாலரை நிமிடம் என்றால் பவுன்ஸும் நாலரை நிமிடம். உள்ளே இருப்பது எண்கள்தானே? அந்த எண்களைக் கூட்டி எழுத ஒரு சிப்புக்கு எதற்கு நாலரை நிமிடம்? கம்ப்யூட்டரில் இதே வேலை சில விநாடிகளில் முடிகிறது. இந்த மெஷினோ ஏதோ டேப் ஓடிக்கொண்டிருப்பதுபோல் நடிக்கிறது. நாமும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மூச்சுவிட்டால் கெட்டுவிடுமோ என்று உட்கார்ந்திருக்கிறோம்.

கடைசிக் கோரஸ் வருகிறது. எல்லா வாத்தியமும் ஒன்றாக ஒலிக்கிற இடம். சிவப்பு விளக்கு ஒரு கண் சிமிட்டுகிறது. கிளிப்! அளவு வரம்பை மீறி ஒலி உடைந்துவிட்டது. தொலைந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஆறு டிராக்கும் பச்சையில்தான் இருந்தன. ஒவ்வொன்றின் உச்சமும் மைனஸ் 6 டெசிபெல் பக்கம், நல்ல பிள்ளைகளாக. ஆனால் ஒலிகள் சேரும்போது அளவு கூடும். ஒரே அளவில் இருக்கிற, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகளைக் கூட்டினால் சராசரியாக 3 டெசிபெல் ஏறும், ஆறைக் கூட்டினால் ஏறக்குறைய 8. கிக் டிரம்மும் பேஸும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொட்டால் அந்த இரண்டு மட்டுமே 6 டெசிபெல்வரை ஏற்றிவிடும். டிஜிட்டலில் பூஜ்யத்துக்கு மேலே இடமே கிடையாது, அலையின் தலை அப்படியே வெட்டுப்படும். இதெல்லாம் மெஷினைச் செய்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அப்படியிருந்தும் பவுன்ஸ் ஓடும்போது மீட்டரில் என்ன காட்டுகிறார்கள்? மூல டிராக்குகளின் அளவை! போய்ச் சேருகிற இடத்தின் அளவைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு மெனுவுக்குள் போய் மீட்டரை மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மெனு திறக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மாஸ்டரைக் குறைத்து மறுபடி ஒரு முறை. மறுபடி நாலரை நிமிடம். இந்த முறை சிவப்பு எரியவில்லை. ஆனந்தமாக 7, 8 இரண்டையும் போட்டுக் கேட்டால், என்னடா இது, இடமும் வலமுமாகப் பிரித்து வைத்த கிட்டார்கள் இரண்டும் நெற்றிப்பொட்டில் வந்து நிற்கின்றன. ஸ்டீரியோ எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. 7-இல் இடப்பக்கமும் 8-இல் வலப்பக்கமும் ஒழுங்காகத்தான் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்த இரண்டு டிராக்கின் பானும், அதாவது ஒலி இடமா வலமா என்று தீர்மானிக்கிற திருகும், நடுவிலேயே கிடக்கிறது. அதை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் நாம்தான் திருப்ப வேண்டுமாம். ஸ்டீரியோ பவுன்ஸ் என்று தானே கேட்டு, தானே வாங்கி, தானே எழுதிய மெஷினுக்கு, எழுதியதை எப்படி வாசிப்பது என்று தெரியாதா?

பானைத் திருப்பியாயிற்று. இப்போது சத்தம் விநோதமாக இருக்கிறது. குகைக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு எதிரொலி. காரணம், மூல டிராக்குகளில் இருந்த ரிவர்ப் என்ற செயற்கை எதிரொலி கலவைக்குள்ளேயே பதிவாகிவிட்டது. 7, 8-இல் ஏற்கனவே திறந்திருந்த, ஒலியை ரிவர்புக்கு அனுப்புகிற எஃபெக்ட் சென்ட் வழியாக அதன்மேல் இன்னொரு ரிவர்ப் ஏறுகிறது. போதாக்குறைக்கு 1 முதல் 6 வரை இன்னும் மியூட் ஆகவில்லை, அவையும் கூடவே ஓடுகின்றன. மூலமும் கலவையும் ஒரே நேரத்தில். இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தினாலாவது சத்தம் மட்டும்தான் கூடும். ஆனால் உள்ளே கலவை போய்வருகிற வழியில் ஒரு மில்லி விநாடி தாமதம் ஒட்டிக்கொண்டால் போதும், 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1500-இல் ஒரு பள்ளம், 2500-இல் ஒரு பள்ளம் என்று ஒலி முழுக்கச் சீப்புப்பல் விழுந்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் இதைக் கேட்டுவிட்டு மெஷின் பழுது என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். கட்டாமல் என்ன செய்வார்கள்?

இவையெல்லாம்கூடச் சில்லறை எரிச்சல்கள். ஒரு பட்டியல் எழுதி மெஷின்மேல் ஒட்டிவைத்தால் சமாளித்துவிடலாம். உண்மையான அநியாயம் இதற்குப் பிறகு.

கோரஸ் பாட இடம் வேண்டும் என்றுதானே இவ்வளவும்? ஆகவே பழைய ஆறு டிராக்கையும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதாவது பேஸ் எவ்வளவு இருக்க வேண்டும், ஸ்னேர் டிரம் எவ்வளவு, கிட்டாரில் எவ்வளவு கூர்மை என்பதையெல்லாம் குரல் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். குரலே இல்லாமல் குரலுக்கு எப்படி இடம் விடுவது? பாடி முடித்த பிறகுதான் தெரிகிறது, கிட்டார் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முட்டிக்கொண்டு நின்று பாடலின் சொற்களை விழுங்குகிறது என்று. கிட்டாரைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றால் கிட்டார் தனியாக இல்லை. ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவை அந்த இடத்தில் இறக்கினால் கூடவே ஸ்னேரும் செத்துப்போகும், சிம்பலும் மங்கும். பேஸைக் கொஞ்சம் ஏற்றினால் கிக் வீங்கும். ஆறு பேரையும் ஒரே கயிற்றில் கட்டியாயிற்று, இனி ஒருவனை இழுத்தால் எல்லோரும் விழுவார்கள்.

அன்டூ இருக்கிறதே என்பார்கள். ஆமாம், இருக்கிறது, ஒரே ஒரு படி. பவுன்ஸுக்கு அப்புறம் ஒரு தடவை ரெக்கார்ட் பட்டனைத் தொட்டால் அந்த அன்டூ பாட்டுக்குச் சொந்தமாகிவிடும். பவுன்ஸ் தப்பு என்று தெரிவதே பாடிய பிறகுதான் என்னும்போது, பாடியதும் காலாவதியாகிற அன்டூவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

டேப் காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1979-இல் டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கேசட் ரெக்கார்டர் வந்தபோது ஒரு சாதாரண கேசட்டின் அகலத்தில் நாலு டிராக்குகளை அடைத்துக் கொடுத்தார்கள். அந்த நாடாவில் ஐந்தாவதுக்கு இடமில்லை. அதனால் ஆட்கள் தந்திரம் கண்டுபிடித்தார்கள். 1, 2, 3-இல் பதிந்ததை 4-க்கு இறக்கும்போதே கூடவே ஒரு வாத்தியத்தை நேரடியாக வாசிப்பது. அப்புறம் 1, 2-ஐ 3-க்கு, கூடவே இன்னொன்று. பிறகு 1-ஐ 2-க்கு, கூடவே இன்னொன்று. கடைசியில் 1-இல் ஒன்று. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று: மொத்தம் பத்துப் பகுதிகள், எதுவும் ஒரு தடவைக்கு மேல் பிரதியாகாமல்! ஒவ்வொரு பிரதியிலும் டேப்பின் இரைச்சல் கூடும் என்பதால் அந்தக் கணக்கு. வறுமையில் பிறந்த சாமர்த்தியம் அது, அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

அதற்கும் முன்னால், 1966-67-இல் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தைப் பதிந்ததும் நாலு டிராக் மெஷினில்தான். டேப் நிரம்பியதும் கலந்து இன்னொரு நாலு டிராக் மெஷினுக்கு இறக்கினார்கள். கவனியுங்கள், இன்னொரு டேப்புக்கு. முதல் டேப்பை அழிக்கவில்லை, அலமாரியில் எடுத்து வைத்தார்கள். அதனால்தான் ஐம்பது வருடம் கழித்து 2017-இல் இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் அதை மறுபடி மிக்ஸ் செய்தபோது, கலப்பதற்கு முந்தைய டேப்புகளுக்கே திரும்பிப் போக முடிந்தது. டேப் காலத்து ஸ்டுடியோவுக்கே மூலத்தைப் பத்திரப்படுத்தும் புத்தி இருந்தது. என் மேசையில் இருக்கிற மெஷினுக்கு இல்லை.

இடம் இல்லையா என்றால் அதுவும் பொய். கணக்குப் போடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்கு 8 எம்பிகூட ஆகாது. நாலரை நிமிடப் பாட்டில் ஆறு டிராக்கும் சேர்ந்து 215 எம்பி அளவுக்குத்தான் வரும். உள்ளே செருகியிருப்பதோ 32 ஜிபி கார்டு. வேகம் பத்தாதா? எட்டு டிராக்கை ஒரே நேரத்தில் படிக்க விநாடிக்கு ஏறக்குறைய 1 எம்பி போதும். கிளாஸ் 4 என்று போட்ட பழைய கார்டே விநாடிக்கு 4 எம்பி எழுதும் என்று உத்தரவாதம் தருகிறது. அந்த மெஷினின் சிப்பால் எட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க முடியாது என்றால் ஒப்புக்கொள்கிறேன், அது நிஜமான வரம்பு. ஆனால் கலந்த பிறகு மூலங்களை ஒரு ஓரமாக எடுத்துவைத்து, அந்தக் கலவையின் ஃபேடர் நிலைகளோடு சேர்த்து நினைவில் வைத்திருக்க எந்தச் சிப் தடுக்கிறது? இல்லாத நாடாவுக்குப் பயந்து இன்னும் எத்தனை நாள் நடப்பது?

சில மெஷின்களில் விர்ச்சுவல் டிராக் என்று ஒன்று தருகிறார்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் அடியில் பல அடுக்குகள், அதில் ஒன்று மட்டும் ஒலிக்கும், மற்றவை தூங்கும். மூலங்களை அங்கே ஒளித்துவைக்கலாம். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடுக்குகளுக்குப் பெயர் வைக்க ஒரு சக்கரத்தைத் திருப்பி எழுத்து எழுத்தாகத் தேட வேண்டும். யாரும் வைக்க மாட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் டிராக் 3, அடுக்கு 5 என்ன, டிராக் 3, அடுக்கு 6 என்ன என்று எதுவும் விளங்காது. பவுன்ஸ் செய்தபோது ஃபேடர்கள் எங்கே இருந்தன என்பதும் எங்கும் பதிவாகியிருக்காது.

இதைச் சொன்னால் இரண்டு வகை உபதேசம் வரும். ஒன்று, "கம்ப்யூட்டரில் செய்யலாமே." செய்யலாம். திரையைப் பார்க்காமல், மெயில் வராமல், ஒரு பெட்டியும் மைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிய வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். இரண்டாவது வகைதான் தாங்க முடியாதது: "முடிவெடுக்கப் பழகு, கட்டுப்பாடுதான் கலை." அடேயப்பா! முடிவெடுக்க எனக்கு ஒரு பயமும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எடுக்கிறேன் என்கிறேன். கேட்பதற்கு முன்பே எடு என்பது கலை இல்லை, கட்டாயம்.

இந்த மெஷினுக்கு அவ்வப்போது புது ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்குகிற உள் மென்பொருள், வருகிறது. கடைசியாக வந்ததில் தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமுக்கு இன்னும் சில சத்தங்கள் சேர்த்திருக்கிறார்கள். யார் கேட்டார்கள் அதை? பவுன்ஸ் முடிந்ததும் சேருமிடத்தின் பானைத் தானாக இடமும் வலமும் திருப்பு. அதன் எஃபெக்ட் சென்டை மூடு. மூல டிராக்குகளை மியூட் செய். ஓடும்போது மீட்டரில் கலவையின் அளவைக் காட்டு. மூலங்களையும் ஃபேடர் நிலைகளையும் கார்டில் ஒரு ஃபோல்டரில் போட்டுவை. இதில் எதற்கும் புதுச் சிப் தேவையில்லை, புது பட்டன் தேவையில்லை. மெட்ரோனோமுக்குப் புதுச் சத்தம் தேடிய அதே ஆட்களை ஒரே ஒரு வாரம் இந்தப் பக்கம் அனுப்பினால் போதும்.