பீரியட்ஸ நிறுத்துனா கெட்ட ரத்தம் தேங்குமா?

"திருநம்பிங்க (பொறந்தப்ப பொண்ணுன்னு சொல்லப்பட்ட ஆண்கள்) மாத்திரை போட்டு பீரியட்ஸ நிறுத்துனா கெட்ட ரத்தம் உள்ளயே தேங்கிடும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, தப்புங்க. புரோஜெஸ்டின்ங்கிற ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் ஐயுடி (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன கருத்தடை சாதனம்), 3 மாசத்துக்கு ஒருவாட்டி போடுற ஹார்மோன் ஊசி இதெல்லாம் கர்ப்பப்பை உள்சவ்வ மெல்லிசாவே வச்சிருக்கும், உதிர ஒண்ணுமே இல்லாதப்ப தேங்குறதுக்கு எங்கேர்ந்து வரும்? பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனும் இதுல கிடையாது. முதல் சில மாசம் அப்பப்ப ஸ்பாட்டிங் (லேசான ரத்தக்கசிவு) வரலாம், அதப் பாத்துதான் நிறைய பேரு பயந்துடறாங்க. ஆண்கள் டாய்லெட்ல பேட் கவர் சத்தம் வெளிய கேக்காம மெதுவா பிரிக்கிறவருக்கு இது எவ்ளோ நிம்மதி தெரியுமா.

அதே மெசேஜ்ல "டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) எடுத்தா கருத்தடை வேணாம்"னும் இருக்கு, இது இன்னும் ஆபத்து. பீரியட்ஸ் நின்னாலும் கரு தங்கலாம். சந்தேகம்னா திருநர் உடல்நலத்துக்கான உலக அமைப்பு டபிள்யூபாத் (WPATH) வெளியிட்ட 2022 வழிகாட்டியப் பாருங்க, டாக்டர்கிட்ட கேளுங்க, ஃபார்வர்டு மட்டும் பண்ணாதீங்க.