சுவரை மூடும் முன் பார்ப்பது யார்?

கட்டுகிறவர் ஒருவர், குடியிருந்து மின்கட்டணம் கட்டுகிறவர் இன்னொருவர். கூரைக்கு வெப்பக்காப்பு போட்டால் செலவு முதலாமவருக்கு. போடாமல் விட்டால் அந்தக் கட்டடம் நிற்கும் வரை சுமை இரண்டாமவருக்கு. அதனால்தான் கட்டட ஆற்றல் சிக்கன விதிகளில் அரசு இறங்கியே ஆக வேண்டும் என்கிறேன். ஆனால் விதியை அறிவித்ததோடு வேலை முடிந்தது என்று அரசு ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-இல், ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் கட்டட ஆற்றல் சிக்கனத்துக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. அது புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், ஆற்றல் மிச்சமாகுமா என்று மத்திய எரிசக்தித் துறை ஆராய்ந்து சொல்ல வேண்டும். மிச்சமாகும் என்றால், மாநிலங்கள் இரண்டு ஆண்டுக்குள் தங்கள் வணிகக் கட்டட விதிகளை அதற்கு ஈடாக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. ஆனாலும் மாநிலம் முழுமைக்குமான விதியே இல்லாத மாநிலங்கள் அங்கே இன்னும் உண்டு. இந்தியாவிலும் இதே கதைதான். 2007-இல் மத்திய அரசு ஈசிபிசி என்ற கட்டட ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. மாநிலங்கள் அறிவிக்கை வெளியிட்டால்தான் அது கட்டாயம் என்ற ஏற்பாட்டோடு.

அமெரிக்கா செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது சட்டமல்ல, இரண்டு இலவச மென்பொருள்கள். வணிகக் கட்டடத்துக்குக் காம்செக், வீட்டுக்கு ரெஸ்செக். சுவர், ஜன்னல், கூரை விவரங்களைக் கொடுத்தால் விதிக்குள் வருகிறதா என்று சொல்லிவிடும்; அந்த அறிக்கையை அப்படியே அனுமதி விண்ணப்பத்தோடு வைக்கலாம். சிறிய ஊராட்சி அலுவலர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை. 2009-இல் மாநிலங்களுக்கு எரிசக்தி நிதி கொடுத்தபோது, எட்டு ஆண்டுக்குள் புதிய கட்டடங்களில் 90 சதவீதம் விதிப்படி அமைய வழி செய்ய வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார்கள். விதி ஏட்டில் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், கட்டடத்தில் இருக்கிறதா என்று கேட்ட நிபந்தனை அது.

அப்புறம், களத்துக்குப் போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே! வெப்பக்காப்புப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் சுவரை மூடிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆய்வாளருக்குக் கிடைப்பதோ கொஞ்ச நேரம். உறுதித்தன்மை, தீ பாதுகாப்பு இரண்டையும் முதலில் பார்ப்பார், அது சரியும்கூட. ஆற்றல் விதி கடைசியில் நிற்கும். அடுத்த பதிப்பை எழுதுவதற்கு முன்னால், இருக்கிற பதிப்பைச் சரிபார்க்கும் ஆய்வாளருக்குப் பயிற்சியும், அவருக்குத் துணையாக இன்னொருவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.